டிரங்க் கால் அக்காவின் நடிகை

சினிமா பார்க்கும்போது எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா கையைப் பார்ப்பார்.

கதாநாயகி வெங்காயம் நறுக்கினால், "இவ வீட்டுல சமைக்க ஆளு இருக்கு" என்பார். கதாநாயகன் குதிரைக்குச் சேணம் மாட்டினால், "மாட்டுனது வேற ஆளு, இவன் சும்மா தடவுதான்" என்பார். முடிவெட்டுகிறவர், தபால்காரர், ரொட்டி சுடுகிறவர் என்று யார் திரையில் வந்தாலும் சரி, ஐந்து விநாடிக்குள் தீர்ப்பு வந்துவிடும். அவரிடம் இருந்தவை இரண்டே தீர்ப்புகள். ஒன்று நெசக் கை, இன்னொன்று பொய்க் கை. பொய்க் கைகளை அவர் பெரிதாகத் திட்டியதில்லை, பாவம் பிழைப்பு என்று விட்டுவிடுவார். நெசக் கை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால்தான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அதற்குப் பிறகு படத்தின் கதை எந்தப் பக்கம் போனாலும் அவருக்குக் கவலையில்லை.

ஒருமுறை ஒரு படத்தில் டைப்பிஸ்ட் வந்தாள். நான் எட்டு வருஷமாக ஸ்டெனோ. "பரவாயில்லையே, நல்லா அடிக்கிறா" என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மணி அடிக்காம வரி மாறுதே தம்பி, உங்க மிசின்ல அப்படியா?" என்று கேட்டார். வரி முடிவதற்கு முன் டைப்ரைட்டரில் மணி அடிக்கும். அது என் தொழில். தினமும் நூறு தடவை அந்த மணியைக் கேட்கிறவன் நான். அவர் என் ஆபீஸ் பக்கம் ஒரே ஒரு நாள் ஏதோ மனு டைப் அடித்துக் கொள்ள வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தவர், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போய், லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் தங்கியிருந்தேன். சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஜாதவ்பூரில் ஒரு சின்ன பிலிம் சொசைட்டியில் சேர்ந்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் பழைய படம் போடுவார்கள். பதினாறு எம்.எம். புரொஜெக்டர், மடக்கு நாற்காலிகள், இடைவேளையில் மண் கோப்பையில் டீ. நாற்பது பேர் வந்தால் அன்று திருவிழா. தலைவர் ஒரு பேராசிரியர், நல்ல மனுஷர், மேற்கோள் இல்லாமல் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் இங்கிலீஷில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஸ்டென்சில் வெட்டிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அடிப்பதோடு நின்றிருக்கலாம். எனக்கு எழுத்தாளன் என்ற நினைப்பும் உண்டு.

அக்கா பாளையங்கோட்டைக்காரர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணாச்சியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். காளிகாட்டில் வீடு. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அங்கே அவருக்குச் சூப்பர்வைசராக இருந்த வங்காளப் பெண்மணிக்குச் சினிமாப் பித்து, அந்த அம்மாள்தான் அக்காவைச் சொசைட்டியில் சேர்த்துவிட்டது. அண்ணாச்சி துணைக்கு வருவார். விளக்கை அணைத்தால் தூங்குவார், போட்டால் எழுந்து டீ குடிப்பார். ஐந்து வருஷத்தில் அவர் முழுதாகப் பார்த்த படம் ஒன்றுகூட இருக்காது.

அந்தப் பழைய அமெரிக்கப் படங்களில் பேசுகிற இங்கிலீஷ் எங்களில் யாருக்கும் பாதிக்கு மேல் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவோம். அக்கா மட்டும், "எனக்கு வெளங்கல, நான் கையைப் பாக்கேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நடிகை அவர் கண்ணில் பட்டாள்.

அது ஒரு துப்பறியும் படம். கொலைகாரனைத் தேடி நகரம் முழுக்க டெலிபோன் பறக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஆறேழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறார்கள். ஓரத்தில் இருந்த பெண்ணை மட்டும் கொஞ்ச நேரம் அருகில் காட்டினார்கள். சட்டென்று அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏ, தட்டுதா! தட்டிப் பாக்கா!"

அமைதியான ஹாலில் பாளையங்கோட்டைத் தமிழ் கணீரென்று ஒலித்தது. அண்ணாச்சி திடுக்கிட்டு விழித்து, "என்ன, என்ன, எங்க?" என்றார். பேராசிரியர் பதறிப்போய், "கீ ஹொலோ தீதி?" என்றார், என்ன ஆச்சு அக்கா என்று. இடைவேளையில் அக்கா விளக்கினார். பெரிய எக்ஸ்சேஞ்சில் ஒரே லைனுக்கான துளை பல ஆபரேட்டர்களின் பலகையிலும் இருக்கும். பக்கத்துப் பெண் ஏற்கெனவே அந்த லைனில் யாரையாவது இணைத்திருக்கலாம். அதனால் பிளக்கை நேரே செருகக் கூடாது. அதன் முனையால் துளையின் விளிம்பில் லேசாக ஒரு தட்டு தட்ட வேண்டும். காதில் 'டிக்' என்று கேட்டால் லைனில் ஆள் இருக்கிறது. கேட்காவிட்டால் செருகலாம். அரை விநாடி வேலை.

"மத்த பிள்ளைய எல்லாம் ஆணி அடிக்கிற மாதிரி குத்துதாவ. இவ ஒருத்திதான் தட்டிப் பாத்துச் செருகுதா. டைரக்டர் சொல்லிக் குடுத்திருக்க மாட்டான், அவனுக்கே தெரியாதுல்லா. இவ போர்டுல உக்காந்து சம்பளம் வாங்குன பிள்ள."

பிறகு நான் நூலகத்தில் தேடி அந்த நடிகையின் பெயரைக் கண்டுபிடித்தேன். ஒரு தடித்த புத்தகத்தில் அவளுக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தார்கள். முதல் வரியில், நடிக்க வருவதற்கு முன் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் என்று போட்டிருந்தது. பல்லாயிரம் மைல் தாண்டி, பல வருஷம் தாண்டி, ஒரு தட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிட்டாரே! ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "அதான் சொன்னேம்லா" என்று வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

அந்த நடிகையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அக்காவின் பெயரையும்தான். அக்கா அவளை 'நம்ம பிள்ள' என்பார். நாளடைவில் பேராசிரியர்கூட "தீதியின் பெண்" என்றுதான் சொன்னார். ஐந்து வருஷத்தில் அவள் நடித்த படங்கள் எட்டு எங்களுக்குக் கிடைத்தன, முன்னும் பின்னுமாக. அவள் தொழில் வாழ்க்கையை அக்கா அந்த எட்டுப் படங்களில் படித்தார். முதலில் கூட்டத்தில் ஒருத்தி. பிறகு உணவு விடுதிப் பணிப்பெண். ஒரு கையில் நாலு தட்டு, அதுவும் நெசக் கை. பிறகு கதாநாயகியின் தோழி, அவளுக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள். நடுவில் ஒரே ஒரு படத்தில் கதாநாயகி மாதிரியே ஒரு வேஷம், தையல்காரி. அதில் அவள் ஊசியில் நூல் கோர்ப்பதை மட்டும் அக்கா வாரக்கணக்கில் பேசினார். "நூலை எச்சில் பண்ணாம, ஊசியைக் கொண்டாந்து நூல்ல மாட்டுதா பாருங்க, அது பழகுன கை." பிறகு ஏனோ வேஷங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. செவிலி, கதவு திறக்கிற வேலைக்காரி. அப்புறம் ஆளையே காணோம்.

ஏன் காணோம் என்பதற்குத்தான் அந்தத் தடித்த புத்தகத்தின் நாலாவது வரி பதில் வைத்திருந்தது. 'படப்பிடிப்பில் நம்ப முடியாதவள் என்ற பெயரெடுத்ததால் வாய்ப்புகள் குறைந்தன.' அவள் செவிலியாக நடித்த படத்தை நாங்கள் போட ஏற்பாடு ஆனபோது, நான் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அந்த வரி எனக்குச் சப்பென்று இருந்தது. கொஞ்சம் மசாலா சேர்த்தேன். 'நடிக்கும்போதே பார்வை எங்கோ அலையும், எதிராளி பேசி முடித்தபின் தாமதமாக விழித்துக்கொள்வார். கவனமின்மையால் தன் தொழிலைத் தானே கெடுத்துக்கொண்ட நடிகை' என்று ஜோராக எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு முதுகில் தட்டினார். ஸ்டென்சில் வெட்டி, பிரதி எடுத்து, உறுப்பினர்களுக்குத் தபாலிலும் போட்டாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா மெஸ்ஸுக்கு வந்தார். அவர் அதுவரை அங்கே வந்ததே இல்லை. மெஸ் மாமா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அக்கா கைப்பையிலிருந்து என் குறிப்பை எடுத்து விரித்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் நெளிந்தேன்.

"இது யாரு எழுதுனது தம்பி?"

"நான்தான்க்கா."

"கவனமில்லாதவன்னு எழுதியிருக்கீய. புத்தகத்துல அப்படியா இருக்கு?"

"நம்ப முடியாதவன்னு இருக்கு. மத்தது... நான் சேத்தது."

"அவ வேலையை நீங்க பாத்தீயளா, இல்லியா? அந்தக் கையைப் பாத்துட்டா கவனமில்லன்னு எழுதுனீய?"

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை. தாளைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"அவளுக்கு இடது காது கேக்காது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா வரிசையாகச் சொன்னார். முதல் படங்களில் யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் டக்கென்று திரும்புவாள். தையல்காரிப் படத்திலிருந்து, பக்கத்தில் யார் நின்றாலும் அவர்கள் தனக்கு வலது கைப்பக்கம் வருகிற மாதிரி நகர்ந்து நிற்கிறாள். விருந்துக் காட்சியில் இடது பக்கம் உட்கார்ந்தவன் பேசும்போது முழுசாக அவன் பக்கம் திரும்பி, அவன் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறாள். நான் 'அலையும் பார்வை' என்று எழுதியது அதைத்தான். தாமதமாக விழித்துக்கொள்கிறாள் என்று எழுதியது, வாயசைவு முடிந்த பிறகுதான் அவளால் பதில் சொல்ல முடியும் என்பதை.

"யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டா. சொன்னா வேஷம் கெடைக்குமா? கடைசி வரைக்கும் ஒளிச்சி வச்சே பொழச்சிருக்கா."

"இவ்வளவு உறுதியா எப்படிக்கா சொல்றீங்க?"

அக்கா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மெஸ் மாமா உள்ளே போயிருந்தார்.

"எனக்கும் இடது காது கேக்காது. மூணு வருசமாச்சு. உங்ககிட்டத்தான் மொத மொத வாயைத் தொறந்து சொல்லுதேன்."

ஆபரேட்டர் தலையில் மாட்டுகிற கருவியில் ஒரு காதுக்குத்தான் குமிழ் இருக்கும். அக்கா அதை இடதிலிருந்து வலதுக்கு மாற்றிக்கொண்டார். வேலையில் ஒரு பிழை வரவில்லை. ஆனால் அங்கே வருஷத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை, இரண்டு காதும் தேற வேண்டும். டாக்டர் ஒரு காதை அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று மெதுவாக எண்களைச் சொல்வார். அக்காவுக்கு எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடியில் டாக்டரின் வாய் தெரியும். மூன்று வருஷமாக அதைப் பார்த்துத்தான் எண்களைத் திருப்பிச் சொல்லித் தேறியிருக்கிறார்.

"தெரிஞ்சா போர்டுல இருந்து எறக்கிருவாவ. இந்த ஊருக்கு வந்து பாஷ தெரியாம ஒரு மூலையில கெடந்தவ நான். அந்த போர்டுதான் என்னை ஒரு ஆளா ஆக்குச்சு. அதை விட்டுட்டு இருக்க என்னால ஆகாது தம்பி."

"ஞாயித்துக்கெழமை நானே எந்திரிச்சு, இந்த வரி தப்புன்னு சொல்லிடறேன். உங்க சூப்பர்வைசர் வேற வருவாங்க. நீங்க வாயே திறக்காதீங்கக்கா" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. சூப்பர்வைசர் அம்மாள் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால். அண்ணாச்சி வழக்கம்போல் விளக்கு அணைந்ததும் கண்ணை மூடிவிட்டார். படத்தின் நடுவில் ஒரு காட்சி. செவிலி நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இடது பக்கமாகப் பின்னால், தூரத்து வாசலில் டாக்டர் வந்து நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிடுகிறார். கொஞ்சம் பொறுத்துத் திரும்புகிறாள். நான் எழுதிய 'தாமதம்' அப்பட்டமாகத் திரையில் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடி ரொம்ப நேரம் வலித்தது.

படம் முடிந்து விளக்கு போட்டதும் பேராசிரியர் எழுந்து என் குறிப்பை உரக்கப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் எழுந்தேன். அந்த வரி தப்பு, அவளுக்கு இடது காது கேட்காது, அதனால்தான் அப்படி என்றேன்.

"அருமை. எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"புத்தகத்தில் இல்லை."

"அப்படியானால் எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் எனக்கு உரிமையில்லை. பின்னாலிருந்து ஒருவர், "நடிகையின் டாக்டர் இவர்தானாம்" என்றார். ஹாலே சிரித்தது. நான் அசட்டுத்தனமாக நின்றேன். பேராசிரியர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், கவனமில்லாதவள் என்பது அந்த ஹாலில் முடிவாகிவிட்டது. நான் உட்கார்ந்துகொண்டு அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் முன் வரிசையில் சூப்பர்வைசர் அம்மாளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து நின்றார்.

புரொஜெக்டர்காரரிடம் வங்க மொழியில், "தாதா, அந்த நர்ஸ் காட்சியை இன்னொரு தரம் போட முடியுமா?" என்று கேட்டார். அவர் முணுமுணுத்துக்கொண்டே ரீலைப் பின்னால் ஓட்டினார். விளக்கை அணைத்தார்கள். அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"ஆரம்பத்தில் இதே பெண் இன்னொரு நோயாளிக்கு நாடி பார்த்தாள், ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவள் கண் எங்கே இருந்தது? கைக்கடிகாரத்தில். நாடி எண்ணுகிறவள் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். இப்போது பாருங்கள்."

பார்த்தோம். மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள், ஆனால் கடிகாரம் பக்கம் கண்ணே போகவில்லை. நோயாளியின் முகத்தையே பார்க்கிறாள். டாக்டர் கூப்பிடுகிறார், அசைவில்லை. இரண்டாவது முறை கூப்பிடுகிறார், அசைவில்லை. படுத்திருக்கிற நோயாளியின் கண்கள் வாசல் பக்கம் உருளுகின்றன. அந்தக் கண் உருண்ட அதே கணத்தில் அவள் திரும்புகிறாள்.

ஹாலில் 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார்கள், போட்டார்கள். எத்தனை பெரிய ஆட்கள் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள் அந்தப் படத்தை!

"எட்டுப் படத்தில் இவள் கை பொய் சொல்லி நான் பார்த்தது இந்த ஒரு இடத்தில்தான்" என்றார் அக்கா. "டாக்டர் எப்போது கூப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லாமல் பொய் சொல்லியிருக்கிறாள். இதுவா கவனமில்லாதவள் செய்கிற வேலை?"

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். அவர் குரலில் கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். "நான் ஒப்புக்கொள்கிறேன் தீதி. ஆனால் இதைப் பார்க்க உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் யாரும் பார்க்கவில்லையே."

வேண்டாம் அக்கா என்று நான் கையை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"நானும் இப்படித்தான் செய்கிறேன்" என்றார். "என் இடது காதும் கேட்காது. மூன்று வருஷமாகப் பரிசோதனையில் டாக்டரின் வாயைக் கண்ணாடி அலமாரியில் பார்த்துத்தான் தேறிவருகிறேன்."

வேறு யாரையும் பார்க்காமல் சூப்பர்வைசர் அம்மாளை நேராகப் பார்த்து அதைச் சொன்னார். பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் கையிலிருந்த குறிப்பில் அந்த வரியை அடித்தார். "எல்லோரும் அடித்துவிடுங்கள்" என்றார். நாற்பது பேரும் பேனா இரவல் வாங்கி வாங்கி நான் எழுதிய வரியை அடித்தார்கள். நான் அடித்த அடியில் தாள் கிழிந்துவிட்டது.

சூப்பர்வைசர் அம்மாள் அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். மறுநாள் காலை மேலிடத்துக்குக் கடிதமும் எழுதினார். அக்கா அதற்காக அவரைக் கோபிக்கவில்லை. "கேட்டுட்டு எழுதாம இருந்தா அவுக வேலையை அவுக பாக்கலன்னுல்லா அர்த்தம்" என்றார். ஒரு மாதத்துக்குள் அக்காவை போர்டிலிருந்து இறக்கி, புகார்ச் சீட்டுகளைப் பிரித்து அடுக்குகிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். ஒருநாள் பார்க்கப் போனேன். "நான் அந்த ஒரு வரி எழுதாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். அக்கா சீட்டுகளைப் பிரித்துக்கொண்டே, "எழுதுனீய, அடிச்சிட்டீய, விடுங்க" என்றார். ஆனால் பக்கத்து அறையிலிருந்து ஆபரேட்டர்களின் குரல் வரும்போதெல்லாம் அவர் கை நின்று நின்று ஓடியதை நான் பார்த்தேன். கையைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேறு வேலை கிடைத்து, நியூ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்டர்நெட்டில் அந்த நடிகையைத் தேடினேன். படங்களின் பட்டியல் நீளமாக இருந்தது, முக்கால்வாசிக்கு எதிரே 'பெயர் போடப்படவில்லை' என்று இருந்தது. காதைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை. எனக்கு அது தேவையாகவும் இல்லை. அந்தக் கண் உருண்டதையும் அவள் திரும்பியதையும் நான் மூன்று தடவை பார்த்தவன். அதற்கு மேல் எனக்கு எந்தப் புத்தகம் வந்து சொல்ல வேண்டும்?

ஆனால் அக்கா என்றதும் என் மனதில் வந்து நிற்பது அந்த ஹால் அல்ல. அன்று படம் முடிந்து நாங்கள் மூன்று பேரும் ஜாதவ்பூர் எட்டு-பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவந்த அந்த மத்தியானம்தான். நல்ல வெயில். அண்ணாச்சி அன்று தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காளிகாட் போகிற பஸ் ஒன்று வந்தது. அவர் ஏறவில்லை, நாங்களும் நின்றோம்.

"மூணு வருசம்" என்றார் அண்ணாச்சி. "நான் பேசினா நீ பதில் சொல்ல மாட்ட. சில சமயம் திரும்பிக்கூடப் பாக்க மாட்ட. எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சிக்கிட்டேன். என்ன தப்பு செஞ்சோம்னு யோசிச்சு யோசிச்சு, பேச்சையே கொறச்சிக்கிட்டேன்."

"கோவமெல்லாம் இல்லங்க" என்றார் அக்கா.

"யாரோ ஒரு வெள்ளக்காரி. செத்தாளோ இருக்காளோ. அவளுக்காக நாப்பது பேரு முன்னால எந்திரிச்சிச் சொல்லத் தோணிச்சு. எங்கிட்டச் சொல்லத் தோணலியே உனக்கு."

அண்ணாச்சி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்காகத் துடைத்ததாகத்தான் நானும் வைத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து, அவருக்கு மறுபக்கம் வந்து நின்றார். வலது காதை மறைத்திருந்த முந்தானையை ஒதுக்கிக்கொண்டார்.

"மூணு வருசமா என்னென்ன சொன்னீயளோ, எல்லாத்தையும் திரும்பச் சொல்லுங்க" என்றார். "கேக்கேன்."